கணக்கு வேலைக்கு ஜப்பான்: முதலில் மொழியா, சான்றிதழா?

பேரேடு:
வணக்கம். பி.காம் முடித்துவிட்டு ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் பேயபிள் பார்க்கிறேன். டோக்கியோவிலோ ஒசாகாவிலோ கணக்கு, நிதி சார்ந்த வேலைக்குப் போக ஆசை. ஜப்பானிய மொழித் தேர்வில் (என்5 தொடக்கநிலை, என்1 உச்சநிலை) என்4 பாஸ். இனி என்2 வரை மொழியிலேயே உட்காருவதா, இல்லை அதை ஓரங்கட்டிவிட்டு யூ.எஸ்.சி.பி.ஏ. (அமெரிக்கக் கணக்காளர் சான்றிதழ்) எழுதுவதா? இரண்டையும் ஒன்றாக இழுக்க நேரமும் இல்லை, காசும் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஐந்தொகை:
இதில் குழம்ப என்ன இருக்கிறது? சி.பி.ஏ. எழுதுங்கள். ஆங்கிலம் பேசுபவருக்கு ஜப்பானிய மொழி கைவர 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிலையமே சொல்கிறது. நமக்குக் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். அந்த நேரத்தில் சி.பி.ஏ.யின் நான்கு தாளையும் முடித்துவிடலாம். ஜப்பான் சரிப்படவில்லை என்றால் அதை வைத்துக்கொண்டு சிங்கப்பூர், துபாய் என்று கிளம்பலாம். என்2 சான்றிதழோடு துபாய் போய் என்ன செய்வீர்கள்?

தவிர, ஜப்பானே ஆங்கிலத்துக்கு இறங்கி வந்துகொண்டிருக்கிறது. டோக்கியோ பங்குச்சந்தையின் பிரைம் என்ற உயர்நிலைப் பிரிவு நிறுவனங்கள் 2025 ஏப்ரல் முதல் நிதி முடிவுகளை அதே நேரத்தில் ஆங்கிலத்திலும் வெளியிட்டாக வேண்டும். ஐ.எஃப்.ஆர்.எஸ். என்ற சர்வதேசக் கணக்கு முறைக்குத் தாமாகவே மாறிய நிறுவனங்கள் 200-ஐத் தாண்டிவிட்டன. வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் பதிவு வேலையை ஆங்கிலத்திலேயே முடிக்க 2021-இல் தனி அலுவலகமே திறந்தார்கள்.

மார்ச்31:
டோக்கியோவில் ஒரு உற்பத்தி நிறுவனத்தின் கெய்ரி, அதாவது கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஐந்தொகை சொன்ன தகவல் எல்லாம் சரி. ஆனால் அதெல்லாம் வெளியே வரும் அறிக்கையைப் பற்றியது. அந்த அறிக்கை தயாராகும் மேசையில் ஆங்கிலத்துக்கு இடமில்லை.

மாதக் கடைசியில் ஒரு சப்ளையரிடமிருந்து இன்வாய்ஸ் வருகிறது என்று வையுங்கள். தேதி 2025 என்று இருக்காது, பேரரசரின் ஆட்சி ஆண்டுக் கணக்கில் ரெய்வா 7 என்று இருக்கும். நுகர்வு வரி 10 சதவீதம் ஒரு வரிசையில், 8 சதவீதம் இன்னொரு வரிசையில். 'டி' எழுத்தும் 13 இலக்கமும் சேர்ந்த பதிவு எண் இருக்கிறதா என்று தேடுகிறீர்கள். இல்லை. 2023 அக்டோபரில் வந்த இன்வாய்ஸ் முறைப்படி அந்த எண் இல்லாவிட்டால் சப்ளையருக்குக் கட்டிய வரியை உங்கள் வரியிலிருந்து முழுதாகக் கழிக்க முடியாது. முதல் மூன்று வருடங்களுக்கு 80 சதவீதம்தான். இப்போது போன் போட வேண்டியது நீங்கள். எதிர்முனையில் ஒரு சின்னப் பட்டறையின் முதலாளியம்மா. "உங்கள் பில் தப்பு" என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. அதற்கென்று இருக்கும் பணிவு நடையில், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, விஷயத்தையும் விடாமல் கேட்க வேண்டும். எந்த சி.பி.ஏ. தாளும் இதைச் சொல்லித் தராது.

அறிக்கையில் மைனஸ் குறியைத் தேடினாலும் கிடைக்காது. எண்ணுக்கு முன்னால் △ என்று சின்ன முக்கோணம் இருந்தால் அதுதான் மைனஸ். அச்சில் தொகை பத்து லட்சம் யென் அலகில் இருக்கும், வாயால் சொல்லும்போது பத்தாயிரத்திலும் பத்துக் கோடியிலும் அடுக்குவார்கள். மேலாளர் மடமடவென்று தொகை சொல்லும்போது ஒரு பூஜ்ஜியம் விட்டுப்போனால் தீர்ந்தது கதை.

பேரேடு:
அப்படியென்றால் என்2 போதுமா சார்?

மார்ச்31:
என்2 இல்லாவிட்டால் பல கம்பெனிகளில் விண்ணப்பத்தைப் புரட்டக்கூட மாட்டார்கள். ஆனால் அந்தத் தேர்வில் பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது. கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கட்டத்தை நிரப்பினால் போதும். 180-க்கு 90, பிரிவுக்குப் பிரிவு குறைந்தபட்சம் 19. என்2 வைத்துக்கொண்டு போன் அடித்தால் பக்கத்து மேசையைப் பார்ப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதோடு நிஷ்ஷோ போகி என்று ஒரு தேர்வு உண்டு. ஜப்பான் வர்த்தக, தொழில் சபை நடத்துவது. 3-ஆம் நிலை அடிப்படை, 2-ஆம் நிலையில் வணிகக் கணக்கோடு உற்பத்திச் செலவுக் கணக்கும் வரும். 100-க்கு 70 எடுத்தால் பாஸ். 2020 டிசம்பரிலிருந்து இந்த இரண்டு நிலைகளையும் தேர்வு மையத்துக் கணினியிலும் எழுதலாம். கெய்ரி வேலைக்கு ஆள் எடுப்பவர் இதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார்.

ஐந்தொகை:
அண்ணே, நீங்கள் சொல்லும் வேலைக்காகவா ஒருவர் கடல் தாண்ட வேண்டும்? இன்வாய்ஸில் எண் சரிபார்ப்பதெல்லாம் நாளைக்கே சாஃப்ட்வேர் விழுங்கிவிடும். காசு இருப்பது ட்ரெஷரி (நிறுவனத்தின் பண நிர்வாகம்), இன்டர்னல் ஆடிட், டிரான்ஸ்ஃபர் பிரைசிங்கில் (ஒரே குழும நிறுவனங்கள் தங்களுக்குள் வைக்கும் விலை). அங்கே ஆங்கிலம் ஓடும். மிச்சத்துக்கு ஏ.ஐ. மொழிபெயர்ப்பு இருக்கவே இருக்கிறது.

சம்பளம் யென்னில் வரும் என்பதையும் தம்பி யோசிக்கட்டும். 2012 தொடக்கத்தில் ஒரு டாலர் 80 யென்னுக்கும் கீழே. 2024 ஜூலையில் 160-ஐத் தாண்டியது. அதே சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பினால் டாலர் கணக்கில் பாதி.

காகிகு:
நான் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுப்பவள். இரண்டு பேருமே தமிழருக்கு உள்ள வசதியை விட்டுவிட்டீர்கள். வாக்கிய வரிசை நம்முடையதுதான், வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு போல ஒட்டுகள் பெயருக்குப் பின்னால் வரும். (ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோவின் தமிழ்–ஜப்பானிய உறவுக் கொள்கையை யாரும் இழுத்துவரும் முன் சொல்லிவிடுகிறேன்: மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அந்தச் சண்டைக்கு வேறு திரி தொடங்குங்கள்.)

கஷ்டம் கான்ஜி என்ற சீன வழி எழுத்தில்தான். அன்றாடப் பயன்பாட்டுக்கான அரசுப் பட்டியலிலேயே 2,136. ஆனால் கணக்கு வேலையில் சுற்றிச் சுற்றி வருபவை கொஞ்சம்தான்: உரிகாகேகின் வரவேண்டிய பாக்கி, கைகாகேகின் கொடுக்கவேண்டிய பாக்கி, கெங்கா ஷோக்யாகு தேய்மானம். ஏற்கெனவே கணக்குத் தெரிந்தவருக்கு பேலன்ஸ் ஷீட்டில் எந்த வரியில் என்ன வரும் என்று தெரியும். பாதி எழுத்தை அது நிற்கும் இடத்தை வைத்தே பிடித்துவிடலாம். என் வகுப்பில் பொறியாளர்களைவிடக் கணக்குக்காரர்கள் இதில் வேகம்.

மார்ச்31:
யென் விஷயத்தில் ஐந்தொகையோடு எனக்குச் சண்டை இல்லை, வலிக்கத்தான் செய்கிறது. மற்றதை ஒப்புக்கொள்ள முடியாது. டிரான்ஸ்ஃபர் பிரைசிங் என்கிறார். வரி அதிகாரி வந்து உட்கார்ந்தால் ஆங்கிலத்திலா கேள்வி கேட்பார்? ஜப்பானில் வரி ஆலோசனையும் ரிட்டர்ன் தயாரித்துக் கொடுப்பதும் ஸெய்ரிஷி, அதாவது வரி ஆலோசகர் உரிமம் உள்ளவர் வேலை. இலவசமாகக்கூட வேறொருவர் செய்து கொடுக்கக் கூடாது. யூ.எஸ்.சி.பி.ஏ.யை வைத்து அங்கே தணிக்கை அறிக்கையில் கையெழுத்தும் போட முடியாது. வீண் படிப்பு என்று சொல்லவில்லை. அது மட்டுமே கையில் இருந்தால், அதே சான்றிதழும் ஜப்பானியத் தாய்மொழியும் உள்ளவர்களோடு மோதுகிறீர்கள். 2011 முதல் அவர்கள் அந்தத் தேர்வை டோக்கியோவிலேயே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆள் கிடைக்காமல் திண்டாடுவது நடுவில்தான். வெளிநாட்டு நிறுவனத்தின் டோக்கியோ கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமையகத்துக்கு ஐ.எஃப்.ஆர்.எஸ். படி ஆங்கிலத்தில் அறிக்கை போக வேண்டும். உள்ளூரில் ஜப்பானியத் தரப்படி ஏடு, ஆண்டு முடிந்து இரண்டு மாதத்துக்குள் வரி ரிட்டர்ன். இன்னொரு கம்பெனியை வாங்கியதில் வந்த குட்வில்லை (அதன் நிகர சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை) ஜப்பானிய முறை 20 வருடத்துக்குள் பகுதி பகுதியாகச் செலவெழுதச் சொல்லும். ஐ.எஃப்.ஆர்.எஸ். அப்படி எழுத விடாது, மதிப்பு விழுந்திருக்கிறதா என்று வருடா வருடம் சோதிக்கச் சொல்லும். ஆக இரண்டு ஏட்டிலும் லாபம் வேறு வேறு. ஏன் இந்த வித்தியாசம் என்று லண்டனிலிருந்து சாயங்காலம் கேட்பார்கள். மறுநாள் காலை ஆடிட்டர் ஜப்பானிய மொழியில் அதையே கேட்பார். ஏ.ஐ. கடிதத்தை மொழிபெயர்க்கும். ஆடிட்டர் எதிரில் உட்கார்ந்து குறுக்குக் கேள்வி போடும்போது திரையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

காகிகு:
விசாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயர்திறன் பணியாளர் புள்ளி முறையில் 70 வேண்டும். என்1-க்கு 15, என்2-க்கு 10. 80 புள்ளி எட்டியவர் ஒரே வருடத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம், 70 என்றால் மூன்று வருடம்.

ஐந்தொகை:
புள்ளி கிடைக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அண்ணன் சொன்ன அந்த நடு ஆளுக்கு முதலில் ஐ.எஃப்.ஆர்.எஸ். தண்ணீர் பட்ட பாடாக இருக்க வேண்டும். குட்வில் சோதனை புரியாதவருக்கு அதை எந்த மொழியில் விளக்கினாலும் ஒன்றுதான். கணக்கில் கெட்டியாக இருப்பவரை எடுத்து மொழி வகுப்புக்குக் காசு கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. மொழிக்காரரை எடுத்து ஐ.எஃப்.ஆர்.எஸ். சொல்லிக்கொடுக்கும் கம்பெனியைக் காட்டுங்கள் பார்ப்போம்.

மார்ச்31:
காசு கொடுக்கும், நேரம் யார் கொடுப்பது? பெரும்பாலான கம்பெனிகளுக்கு ஆண்டு முடிவு மார்ச் 31. முடிவுகளை 45 நாளுக்குள் அறிவிக்கச் சொல்கிறது பங்குச்சந்தை. ஏப்ரல் கடைசியில் தொடங்கும் கோல்டன் வீக் விடுமுறையில் ஊரே இருக்கும்போது நாங்கள் ரென்கெட்ஸு, அதாவது குழுமக் கணக்கு ஒருங்கிணைப்பில் கிடப்போம். உள்ளே வந்து படித்துக்கொள்ளலாம் என்று வந்தவர்கள் என்3-லேயே நின்றுவிடுவதைத்தான் பார்க்கிறேன்.

பேரேடு:
மிக்க நன்றி. டிசம்பரில் என்3 எழுதிவிட்டு நேரே என்2-க்குப் போகிறேன். கூடவே போகி 3-ஆம் நிலைப் புத்தகம். சி.பி.ஏ. அதற்குப் பிறகு. ஐந்தொகை சார் திட்டுவார் என்று தெரியும்.

ஐந்தொகை:
திட்டவில்லை. தாமதிக்கிறீர்கள் என்று மட்டும் சொல்கிறேன். எழுதும்போது நிதி அறிக்கைத் தாளை முதலில் எழுதுங்கள், பெரியது அதுதான். ஒரு தாள் பாஸானால் மற்ற மூன்றுக்கும் காலக்கெடு ஓடத் தொடங்கிவிடும். எத்தனை மாதம் என்பது பதிவு செய்யும் மாநிலத்தைப் பொறுத்தது, முன்பே பார்த்து வையுங்கள்.

மார்ச்31:
போகி 3-க்கு 60 நிமிடம். முதல் பகுதியில் 15 ஜர்னல் என்ட்ரி (பற்று வரவுப் பதிவு), அதற்கு மட்டும் 45 மதிப்பெண். அதிலிருந்து ஆரம்பியுங்கள்.