டாப்சிலிப்பில் இருவாச்சிக்காகக் காத்திருந்த காலை

ஆனைமலையில் புலியைப் பார்த்த அனுபவத்தைப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இன்னும் வாய்க்கவில்லை. நான்கு முறை போயும் ஈர மண்ணில் பதிந்த காலடித் தடத்தோடு திரும்பியிருக்கிறேன். ஆனால் போன பிப்ரவரியில் மகளோடு போனபோது இருவாச்சி என்ற பெரிய அலகுப் பறவையைப் பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சேத்துமடை சோதனைச் சாவடி தாண்டி ஆனைமலைமேல் ஏறினால் டாப்சிலிப்பைச் சுற்றி எங்கு பார்த்தாலும் தேக்குதான். அந்த மாதத்தில் இலையெல்லாம் கொட்டி, காலடியில் அப்பளம் நொறுங்குவதுபோல் சத்தம். ஆங்கிலேயர் காலத்தில் வெட்டிய மரங்களை மலை உச்சியிலிருந்து சறுக்கிவிட்டதால் வந்த பெயர்தான் டாப்சிலிப். அப்படி மொட்டையாகிப்போன சரிவுகளில் மறுபடி தேக்கை வளர்த்தவர், 1915-ல் வன அதிகாரியாக வந்த ஹ்யூகோ வுட். பை நிறைய விதையோடு நடந்து, கைத்தடியால் குத்திய குழியில் ஒவ்வொன்றாகப் போடுவாராம். இன்றைக்கும் அங்கே சொல்கிறார்கள். 1933-ல் இறந்த அவருடைய கல்லறை அந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே இருக்கிறது. 'என் நினைவுச் சின்னத்தைத் தேடுகிறாயா, சுற்றிப் பார்' என்ற பொருளில் ஒரு லத்தீன் வரி பொறித்திருக்கிறது. மகள் நிமிர்ந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் நட்டு வளர்த்த தேக்கு வேறு, தானாக வளர்ந்த சோலை வேறு. அன்றைக்கு அது கண்முன்னே தெரிந்தது.

வனத்துறை அனுப்பிய வழிகாட்டி மலசர் பழங்குடிப் பெரியவர். தேக்கு முடிந்து பசுங்காடு தொடங்கும் இடத்தில் சட்டென்று கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். முப்பதடி தள்ளி ஒரு காட்டு மாடு. முழங்காலுக்குக் கீழே வெள்ளை, மேலே கறுப்பு மலை. எங்களைப் பார்த்து ஒருமுறை மூச்சு விட்டுவிட்டுப் புதருக்குள் போனது. அப்புறம்தான் எங்களுக்கு மூச்சு வந்தது.

இன்னும் அரை மணி நேரம் நடந்தோம். கிளையே இல்லாமல் ஓங்கி வளர்ந்த ஒரு பழைய மரத்தைக் காட்டி, "அதோ பாருங்க சார், உள்ளே அம்மா இருக்கு" என்றார். மண் பூசி அடைத்ததுபோல் ஒரு பொந்து. நடுவில் ஒரு கீறல் மட்டும். பெண் இருவாச்சி உள்ளே போனதும் எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்துத் தானே வாயிலை அடைத்துக்கொள்ளும். இறக்கைச் சிறகுகளும் உதிர்ந்துவிடும், பறக்க முடியாது. முட்டை பொரிந்து குஞ்சு தேறும்வரை, மாதக்கணக்கில், ஆண் கொண்டுவரும் பழம்தான் இரண்டுக்கும் உயிர். அவ்வளவு பெரிய பொந்து முதிர்ந்த பெருமரத்தில்தான் கிடைக்கும். பக்கத்திலேயே அத்தியும் ஆலும் பழுக்க வேண்டும். நட்டு நூறு வருடமானாலும் தேக்கு வரிசை இதைத் தராது.

நான் கேமராவோடு மரத்தடிக்குப் போகப் பார்த்தேன். பெரியவர் விடவில்லை. "நாம பக்கத்துல நின்னா அப்பன் வராது. உள்ளே பட்டினி கிடக்கும்." எண்பது அடி பின்வாங்கி ஒரு பாறை மறைவில் உட்கார்ந்தோம். பொந்தைப் படம் எடுக்க மரத்தடியில் மணிக்கணக்கில் நிற்பவர்களை நான் வேறிடத்தில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சத்தம். 'ஊஷ், ஊஷ்' என்று பழைய ரயில் எஞ்சின் மூச்சு விடுவதுபோல். இறக்கைச் சத்தம்தான், பறவை கண்ணில் படும் முன்பே வந்துவிட்டது. பொந்தின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்தது ஆண். பெரிய மஞ்சள் அலகு, அதன்மேல் கொண்டை, சிவந்த கண். தலையை ஒரு முறை உதறியது. தொண்டையிலிருந்து ஒரு அத்திப்பழம் அலகு நுனிக்கு ஏறி வந்தது. கீறல் வழியாக இன்னொரு அலகு நுனி வெளியே வந்து அதை வாங்கிக்கொண்டது. மறுபடி ஒரு உதறல், மறுபடி ஒரு பழம்.

மகள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பதினேழு பழம். கடைசிப் பழத்தைக் கொடுத்த பிறகும் அது உடனே பறக்கவில்லை. கீறலில் அலகை வைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.