பாட்டுக் கேட்க இவ்வளவு மெனக்கெடல் எதுக்கு?

கொண்டலாம்பட்டி_தறி:
எங்க மாமா அஸ்தம்பட்டி வீட்டு மாடியில் ஒரு அறையையே பாட்டுக்குன்னு ஒதுக்கி வைத்திருக்கிறார். இரண்டு ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர், ரெக்கார்ட் பிளேயர், எதிரில் ஒரே ஒரு நாற்காலி. ஏப்ரல் மாச சேலம் வெயிலில் ஃபேனையும் நிறுத்திவிட்டு, பனியன் நனைய உட்கார்ந்து கேட்கிறார். நடுவில் பேச்சுக் கொடுத்தால் கையைக் காட்டி அடக்குகிறார். எனக்குத் தறிச் சத்தத்துக்கு நடுவில் இயர்போனில் கேட்டாலே பாட்டு பாட்டுதான். கிண்டலுக்குக் கேட்கவில்லை. போன வாரம் அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார், ஏதோ வேற மாதிரி இருந்தது, என்னன்னு சொல்லத் தெரியலை. அப்படி என்னதான் கிடைக்குது இவங்களுக்கு?

சேர்வராயன்:
அந்த ஒற்றை நாற்காலியில்தான் விஷயமே இருக்கு தம்பி. இரண்டு ஸ்பீக்கரும் நாற்காலியும் சம முக்கோணமா இருந்தால், இரண்டிலும் ஒரே அளவில் வரும் குரல் ஸ்பீக்கரே இல்லாத நடு இடத்தில் ஆள் நிற்கிற மாதிரி கேட்கும். ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்து பாருங்க, பாடகரும் இடது ஸ்பீக்கருக்குள் போய்விடுவார். லண்டனில் ஆலன் புளூம்லைன் என்ற பொறியாளர் 1931-லேயே ஸ்டீரியோவுக்கு, அதாவது இந்த இரண்டு ஸ்பீக்கர் முறைக்கு, காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், ஆனால் ஸ்டீரியோ ரெக்கார்டு பரவலாக விற்பனைக்கு வர 1950களின் கடைசி ஆகிவிட்டது. இயர்போனில் இடது காதுக்கு இடது ஒலி மட்டும்தான் போகும், அதனால் பாட்டு மண்டைக்குள்ளேயே நிற்கும். ஸ்பீக்கரில் இரண்டு ஒலியும் இரண்டு காதுக்கும் வரும், அதான் எதிரில் மேடை இருக்கிற மாதிரி ஓர் உணர்வு.

ஃபேன் விஷயத்தில் உங்க மாமா பக்கம்தான் நான். தம்புரா ஓய்கிற கடைசி இழை, அடுத்த வரிக்கு முன் பாடகி இழுக்கிற மூச்சு, இதெல்லாம் ஃபேன் காற்றில் அடிபட்டுப் போகும். நாங்க ஏற்காட்டில் ஃபேனே மாட்டவில்லை, ஆனால் ராத்திரியானால் சில்வண்டு விடாது, அதை எந்த சுவிட்சில் நிறுத்துவது!

செவ்வாய்ப்பேட்டை_77:
பாதிப்பேருக்கு இது பந்தா, அதையும் சொல்லணும். பைக் விலைக்குக் கேபிள் வாங்குவார்கள், அறையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எதிரெதிர் சுவருக்கு நடுவே 10 அடி இருந்தால் 56 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 56 அதிர்வு) பக்கத்தில் அறையே சேர்ந்து அதிரும். பேஸ் என்கிற தாழ்ந்த ஒலிக்கான கிட்டாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு சுரம் மட்டும் பூதம் மாதிரி எழும்பும், பக்கத்துச் சுரம் காணாமல் போகும். இதுக்குப் புது ஆம்ப்ளிஃபையர் வாங்கி என்ன பிரயோஜனம்? ஸ்பீக்கரை மூலையிலிருந்து இழுத்து வைங்க, நாற்காலியைப் பின்சுவரை விட்டுத் தள்ளிப் போடுங்க, காசு செலவில்லை. பவானி ஜமக்காளம் விரித்தால் கூர்மையான ஒலியின் எதிரொலி குறையும், பேஸ் அதுக்கெல்லாம் அசையாது.

ஓமலூர்_வீணை:
பந்தா என்று ஒரேயடியாகத் தள்ள வேண்டாங்க. நான் வீணை கற்றுக்கொள்கிறவள். வீணைத் தண்டில் பதித்த ஒரே மெட்டில் கம்பியை இழுத்து இழுத்து எத்தனை சுரம் எடுக்கிறார்கள், விரல் எங்கே சறுக்குகிறது, அந்த உரசல் முதற்கொண்டு நல்ல ஸ்பீக்கரில் கேட்கிறது. போன் ஸ்பீக்கரில் சுரம் மட்டும்தான் வரும், அது வந்த வழி தெரியாது. தானம் என்கிற ராக வாசிப்பு ஒன்றை ஒரு ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்பேன். அப்புறம் இன்னொன்று. வீட்டில் மிக்ஸி, டிவி, போன் எல்லாமே நம்மைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது, கதவைச் சாத்தி ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடக்கூடாது என்று சொல்ல இது ஒரு நல்ல சாக்கு. உங்க மாமா கையைக் காட்டியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

கொண்டலாம்பட்டி_தறி:
ஸ்பீக்கர் இரண்டும் மூலையில்தான் ஒட்டிக்கொண்டு இருக்கு. நகர்த்தச் சொன்னால் மாமா விடுவாரோ என்னமோ, கேட்டுப் பார்க்கிறேன். கரண்டு போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ஒரு ரீங்காரம் வருது, அதுவும் அறைதானா?

செவ்வாய்ப்பேட்டை_77:
இல்லைங்க, அது அறை இல்லை. அந்த இன்வெர்ட்டர் சைன் வேவா (மின்சாரம் சீரான வளைவாக வரும்), ஸ்கொயர் வேவா (கட்டம் கட்டமாக வெட்டி வரும்) என்று முதலில் பாருங்க. ஸ்கொயர் வேவ் என்றால் ரீங்காரம் அங்கிருந்தேதான் வரும்.