வரிகள் இல்லாத ஆல்பங்கள்: எது உங்களைப் பிடித்து உட்காரவைத்தது?

இந்த நான்கைந்து ஆண்டுகளில் வந்த, பாட்டே இல்லாத ஆல்பங்களைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா? ஜாஸ், போஸ்ட்-ராக் (ராக் கருவிகளை வைத்துக்கொண்டு பாட்டு வடிவத்தை விட்டு விலகும் இசை), ஆம்பியன்ட் (பின்னணியில் மெல்ல ஓடும் இசை), எதுவானாலும் சரி. மதிப்புரை வேண்டாம். பத்துக்கு எத்தனை மார்க் என்பதெல்லாம் எங்கு பார்த்தாலும் கிடைக்கிறது. ஆல்பம் உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது, எந்த இடத்தில் பிடித்தது, அதைச் சொல்லுங்கள். பிடிக்காமல் போயிருந்தால் அதையும் எழுதலாம்.

நானே ஆரம்பித்துவைக்கிறேன். 'ப்ராமிசஸ்', 2021 மார்ச். ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸ் என்ற பெயரில் மின்னணு இசை செய்யும் சாம் ஷெப்பர்ட், அப்போது எண்பது வயதாகியிருந்த சாக்ஸபோன் கலைஞர் ஃபாரோ சான்டர்ஸ், லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ரா மூன்று தரப்பும் சேர்ந்து செய்தது. ஒன்பது பகுதிகள், மொத்தம் 46 நிமிடம்.

முதலில் கேட்டது திருநெல்வேலி போகும் ஆம்னி பஸ்ஸில், காசு கட்டாத ஆப்பில். ஏழு ஸ்வரம் கொண்ட ஒரு சின்னத் துணுக்கு வரும், அடங்கும், சில நொடி சும்மா இருக்கும், மறுபடி வரும். அவ்வளவுதான் அடித்தளம். அதன் மேல் சாக்ஸபோன் மெல்ல நுழைகிறது. 1960-களில் ஜாஸ் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனோடு நின்று காது கிழிய ஊதிய மனிதர் இவர். இங்கே ஊதுவதில் பாதி வெறும் மூச்சுதான். நாலாவது பகுதியில் கருவியையும் விட்டுவிட்டு வாயாலேயே ஏதோ முனகுகிறார். சொல் கிடையாது, ராகம் என்றும் சொல்ல முடியாது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து, "பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தே நிமிடத்தில் வீட்டு மனைகள்!" என்று ஒருவர் கத்தினார்.

அப்புறம் காசு கொடுத்து வாங்கித்தான் முழுதாகக் கேட்டேன். ஆறாம் பகுதியில் வயலின்களும் செல்லோக்களும் மொத்தமாக எழும்பி வருவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் பட்டது எட்டாம் பகுதி. அதுவரை ஓடிக்கொண்டிருந்த அந்த ஏழு ஸ்வரம் அங்கே நிற்கிறது. ஓடுகிறது என்பதையே மறந்துபோயிருந்த காது, நின்றதும் திடுக்கிடுகிறது. பஸ்ஸில் இது எங்கே தெரியப்போகிறது. சான்டர்ஸ் 2022 செப்டம்பரில் காலமானார்.

* * *

அண்ணா, நீங்கள் மூச்சைப் பற்றி எழுதியதால் சொல்கிறேன். நான் செவிலியர், புற்றுநோய் வார்டில் இரவுப் பணி. எனக்குப் பிடித்தது ஜப்பானிய இசையமைப்பாளர் ரியூச்சி சாகமோட்டோவின் '12'. 2023 ஜனவரி 17, அவருடைய 71-வது பிறந்தநாளில் வெளிவந்தது. மார்ச் 28 அன்று போய்விட்டார்.

பன்னிரண்டு துண்டுகள், தலைப்பெல்லாம் தேதிகள். முதலாவது '20210310'. புற்றுநோய்க்குப் பெரிய அறுவை சிகிச்சை முடிந்து திரும்பியவர், உடம்பு இடம் கொடுத்த நாள்களில் சின்தசைசரிலும் பியானோவிலும் கை வைத்ததை அப்படியே பதிவு செய்திருக்கிறார். ட்ராக் பட்டியலைப் பார்த்தால் கேஸ் ஷீட் மாதிரியே இருக்கும்.

சில பியானோ துண்டுகளில் அவர் மூச்சு விடுவது தெளிவாகக் கேட்கிறது. என் தங்கை ஹெட்போனைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ரெக்கார்டிங்ல ஏதோ கோளாறு" என்றாள். கோளாறு இல்லை. இழுக்கும்போது சின்ன உரசல், விடும்போது கொஞ்சம் நீளம், நடுவில் ஒரு தயக்கம். ராத்திரி மூன்று மணிக்கு வார்டில் விளக்கைக் குறைத்தபிறகு மானிட்டரைவிட நாங்கள் இதைத்தான் கவனிப்போம். அடுத்த கட்டை விழுவதற்கு முன்னால் மூச்சு வந்துவிடுகிறதா என்று என்னை அறியாமலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோகமான ஆல்பம் என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. மூச்சு வந்துகொண்டிருந்தால் எங்களுக்கு அது நல்ல சேதி. பணி நேரத்தில் மட்டும் கேட்கவே மாட்டேன்.

* * *

புல்லாங்குழல் படிக்கிறவன் என்ற உரிமையில் ஒரு புகார். ஆண்ட்ரே 3000 செய்த 'நியூ ப்ளூ சன்', 2023 நவம்பர். அவுட்காஸ்ட் ராப் இரட்டையரில் ஒருவர், பல வருடம் கழித்து ஆல்பம் போடுகிறார், 87 நிமிடம், அதில் ராப் ஒரு வரிகூட இல்லை. 'ராப் ஆல்பம்தான் செய்ய நினைத்தேன், காற்று என்னை இந்தப் பக்கம் அடித்துவிட்டது' என்ற அர்த்தத்தில் முதல் ட்ராக்கின் தலைப்பே ஒரு முழ நீளம். ட்ராக் 12 நிமிடம் 20 நொடி. அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-இல் 90-ஆம் இடம் பிடித்தது. அந்தப் பட்டியலில் அதுவரை நுழைந்ததிலேயே நீளமானது அதுதானாம்.

கர்நாடகப் புல்லாங்குழல் மேதைகள் மாலியையும் ரமணியையும் கேட்டுப் பழகிய காதோடு உட்கார்ந்தால் என்ன ஆகும்? கமகம் இல்லை. விரலில் வேகம் இல்லை. ஒரு ஸ்வரத்தைத் தேடிப் போகிறார், கிடைத்தால் அங்கேயே நிற்கிறார், கிடைக்காவிட்டாலும் நிற்கிறார். என் சாரிடம் பத்து நிமிடம் போட்டுக்காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பையன் சாதகம் பண்ணிண்டிருக்கான், யாரோ ரெக்கார்ட் பண்ணிட்டா" என்றார்.

விசேஷம் என்னவென்றால், அவர் அப்படிச் சொன்னபிறகுதான் எனக்கு அது பிடிக்க ஆரம்பித்தது. சாதகம் செய்கிற சத்தத்தை யார் வெளியே விடுகிறார்கள்? பெரிய ஆள் ஒருவர், கைவராத கருவியோடு, எல்லோர் முன்னாலும். நாற்பது நிமிடத்தோடு முடித்திருக்கலாம் என்ற புகார் மட்டும் இன்னும் இருக்கிறது. கூட வாசிப்பவர்கள் கார்லோஸ் நின்யோ, நேட் மெர்செரோ, சூர்யா பொட்டோஃபாசினா. சூர்யா என்ற பெயரைப் பார்த்துத் தேடினேன். கலிஃபோர்னியாவில், ஜான் கோல்ட்ரேனின் மனைவியும் ஜாஸ் கலைஞருமான ஆலிஸ் கோல்ட்ரேனின் ஆசிரமத்தில் வளர்ந்தவராம்.

* * *

ஆலிஸ் கோல்ட்ரேன் பெயர் வந்துவிட்டதே, கோயமுத்தூர்க்காரன் சும்மா இருக்க முடியுமுங்களா?

ஜான் கோல்ட்ரேன் 1967-இல் இறந்தபிறகு ஆலிஸ் தேடிப்போன குரு சுவாமி சச்சிதானந்தா. 1914-இல் அவர் பிறந்தது இங்கே செட்டிபாளையத்தில். 1969-இல் அமெரிக்காவில் நடந்த உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசினாரே, அவரேதான். 1971-இல் ஆலிஸ் அவர் பெயரிலேயே 'ஜர்னி இன் சச்சிதானந்தா' என்று ஆல்பம் போட்டார். தம்பூரா, ஹார்ப் (யாழ் மாதிரியான நரம்புக் கருவி), செசில் மக்பீயின் பாஸ், அதன் மேல் சாப்ரானோ சாக்ஸ். சாக்ஸ் யார் தெரியுமா? முதலில் எழுதிய நண்பர் பஸ்ஸில் கேட்ட அதே ஃபாரோ சான்டர்ஸ். ஐம்பது வருடத்தில் ஒரு சுற்று.

1972-இல் வந்த 'வேர்ல்ட் கேலக்ஸி'யில் சுவாமியே பேசுகிறார். தலைப்பு தெரியாமல் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஜாஸ் தட்டில், ஜான் கோல்ட்ரேனின் புகழ்பெற்ற 'எ லவ் சுப்ரீம்' ட்ராக்கில், எங்கள் பெரியப்பா பேசுகிற அதே இங்கிலீஷ்!

பழசைப் பேசிவிட்டேன், புதுசு ஒன்றும் சொல்லிவிடுகிறேன். நாலா சினெஃப்ரோவின் 'எண்ட்லெஸ்னெஸ்', 2024. லண்டனில் இருக்கும் ஹார்ப் கலைஞர். 'கன்டினியம் 1' தொடங்கிப் பத்து வரை. ஒரு சின்தசைசர் சுழற்சி முழுக்க ஓடுகிறது, ஹார்ப்பும் சாக்ஸும் டிரம்ஸும் வந்து வந்து போகின்றன. ஆலிஸைக் கேட்டுவிட்டு இதைப் போட்டால் வழி தெரியும்.

* * *

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். கனடாவில் இருந்துகொண்டு மொன்றியல்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் விட ஏலாது. கோட்ஸ்பீட் யூ! ப்ளக் எம்பரர் என்ற போஸ்ட்-ராக் குழு. 2024 ஒக்டோபரில் வந்த அல்பத்துக்கு அவர்கள் தலைப்பு வைக்கவில்லை. 'தலைப்பு இல்லை, 2024 பெப்ரவரி 13 நிலவரம், 28,340 பேர் இறப்பு' என்ற பொருளில் ஒரு வரியை எழுதி விட்டிருக்கிறார்கள். காசாவில் அந்தத் தேதி வரைக்குமான கணக்கு.

மருமகன்தான் காரில் போட்டவன். கிற்றார்கள், வயலின், இரண்டு டிரம்ஸ். ஒரு இடத்தில் ஸ்பானிய மொழியில் ஒரு பெண் குரல், மற்றபடி பேச்சு இல்லை. ஆளைக் குறிவைத்து அழப்பண்ணுகிற இசையாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. சரியான சத்தம். ஒன்று நெடுநேரம் கட்டப்பட்டு, உச்சிக்குப் போய், பிறகு சரிகிற மாதிரி.

தலைப்பைப் பிறகுதான் பார்த்தேன். எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. என்ன வந்தது என்று சொன்னால் தப்பாக எடுக்காதீர்கள், ஒருவிதமான பொறாமை. யாரோ எண்ணியிருக்கிறார்கள். 2009 முள்ளிவாய்க்காலில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் என்றால் இன்றைக்கும் ஆளுக்கு ஒரு எண்தான் சொல்கிறார்கள். அம்மாவின் தங்கை குடும்பம் அதில் எந்த எண்ணுக்குள் வருகிறது என்று எங்களுக்குத் தெரியாது.

பிறகு மருமகனோடு நேரிலும் போய்ப் பார்த்தேன். மண்டபத்துக்குப் பின்னால் மேசையில் 16 மில்லிமீற்றர் புரொஜெக்டர்கள், கடகடவென்று ஓடுகிற சத்தம் இசைக்கு நடுவிலும் கேட்கும். திரையில் 'ஹோப்' என்று பிலிமில் கீறின சொல் நடுங்கிக்கொண்டு நிற்கும். மேடையில் ஒருத்தரும் கதைக்கவில்லை, வணக்கம்கூட இல்லை. வாசித்தார்கள், போனார்கள். எங்கள் நினைவுக் கூட்டங்களில் எவ்வளவு பேச்சு! அன்றைக்கு வீட்டுக்கு வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் அதைத்தான் கதைத்தோம்.

தேடுகிறவர்களுக்கு: 2025-இல் தங்கள் இசையைப் பெரிய ஸ்ட்ரீமிங் தளங்களில் இருந்து எடுத்துவிட்டார்கள். இசை விற்கிற பேண்ட்காம்ப் தளத்தில் வாங்கலாம்.

* * *

எல்லோரும் உட்கார்ந்து கேள், கண்ணை மூடிக் கேள் என்கிறீர்கள். ஆம்பியன்ட்டுக்கு அது கட்டாயமே இல்லை. 1978-இல் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' உறையிலேயே, ஆம்பியன்ட் என்ற பெயரைப் பிரபலமாக்கிய ப்ரையன் ஈனோ சொல்லிவிட்டார்: கவனித்தால் சுவாரசியமாக இருக்க வேண்டும், கவனிக்காமல் விட்டாலும் ஒன்றும் குறையக் கூடாது. நான் கணக்காளர். மாதாமாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் கெடு. அன்றைக்கு ஆபீஸில் ஜப்பானிய ஆம்பியன்ட் கலைஞர் ஹிரோஷி யோஷிமுராவின் 'கிரீன்' ஓடும். 1986 ஆல்பம், 2020-இல் மறுபடி வெளியிட்டார்கள். போர்ட்டல் தொங்கும்போதெல்லாம் அது கேட்கும், போர்ட்டல் ஓட ஆரம்பித்தால் கேட்காது. இதற்குமேல் என்ன மரியாதை வேண்டும்?

* * *

எங்கள் வீட்டுக் கதை. நியூ ஜெர்ஸியில் இருக்கிறோம். மயிலாப்பூரிலிருந்து அம்மா வந்திருந்தார். ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயரின் மூவர் குழு செய்த 'கம்பாஷன்', 2024 பிப்ரவரியில் ஈசிஎம் இசை நிறுவனம் வெளியிட்டது, ஹாலில் ஓடிக்கொண்டிருந்தது. அட்டையைப் பார்த்துவிட்டு, "ஐயர்னு போட்டிருக்கே, யாராத்துப் பையன்?" என்று ஆரம்பித்தார். அமெரிக்காவுக்குக் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு இங்கேயே பிறந்தவர், சின்ன வயதில் வயலின் படித்தவர், பியானோ தானாகவே கற்றுக்கொண்டது, இப்போது ஹார்வர்டில் பேராசிரியர் என்றேன். பேராசிரியர் என்றதும் உட்கார்ந்துவிட்டார்.

கால் மணி நேரம் போயிருக்கும். "எல்லாம் சரி, பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?"

பாட்டே வராது, இதுதான் என்றேன். அதற்குப் பிறகு கேட்ட விதம் மாறிவிட்டது. கை தானாகத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. டிரம்ஸில் டைஷான் சோரி, பாஸில் லிண்டா மே ஹான் ஓ. மூன்று பேரும் ஒரே கணக்கை மூன்று இடத்திலிருந்து பிடித்து இழுப்பார்கள், சமத்தில் வந்து சேருவார்கள் என்று நினைக்கிற இடத்தில் சேரமாட்டார்கள். அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "எட்டு இல்லை... ஏழும் இல்லை..." இரண்டு ட்ராக் இந்தப் போராட்டம். கடைசியில் கையை மடியில் வைத்துக்கொண்டு, "விடு, அந்த டிரம்ஸ்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு, போதும்" என்றார். அந்த டிரம்ஸ்காரருக்கு அதே 2024-இல் இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது, அதுவும் இசையமைப்பாளராக. அம்மாவிடம் சொன்னேன். "அதானே" என்றார்.

* * *

கிட்டார் வாசிக்கிறவர்கள் யாரும் ஜெஃப் பார்க்கரை இன்னும் சொல்லவில்லையா?

லாஸ் ஏஞ்சலஸ் ஹைலண்ட் பார்க்கில் ஈடிஏ என்று ஒரு சின்ன பார் இருந்தது. அங்கே திங்கட்கிழமைதோறும் அவருடைய நால்வர் குழு வாசிக்கும்: கிட்டார், ஆல்டோ சாக்ஸ், பாஸ், டிரம்ஸ். 2023 முடிவில் பார் மூடப்பட்டது. 'தி வே அவுட் ஆஃப் ஈஸி' 2024 நவம்பரில் வந்தது, நாலே ட்ராக், அந்த பாரில் ஒரே ராத்திரி வாசித்தது. முதல் ட்ராக் மட்டுமே இருபது நிமிடத்தைத் தாண்டும். தனி ஆவர்த்தனம் மாதிரி ஆளாளுக்கு முறை வைத்துத் திறமை காட்டுவது இல்லை. ஒரு பாஸ் வரி பிடிபட்டதும் நான்கு பேரும் அதிலேயே கிடப்பார்கள். யாராவது ஓரிடத்தில் ஒரே ஒரு ஸ்வரத்தை மாற்றுவார்கள், ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் எல்லாமே இடம் மாறியிருக்கும்.

எங்கள் பேண்டில் இதைப் போட்டுவிட்டு, "நாமும் இப்படி ஒரு மணி நேரம் வாசித்துப் பார்ப்போம்" என்றேன். கீபோர்டு நண்பருக்கு எட்டாவது தாளச் சுற்றிலேயே கை துறுதுறுக்க ஆரம்பித்துவிட்டது. கல்யாணக் கச்சேரி வாசித்த கை அது, சும்மா இருக்கச் சொன்னால் கேட்காது. வாசிக்காமல் இருப்பதற்கு எவ்வளவு வாசிப்பு தேவை என்று அன்றைக்குத் தெரிந்தது.

பார்க்கர் சிகாகோவின் டோர்ட்டாய்ஸ் குழுவிலும் இருக்கிறார். போஸ்ட்-ராக் என்ற பேச்சு வந்தாலே முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று. அவர்களும் 2016-க்குப் பிறகு ஆல்பமே போடாமல் இருந்து, 2025 அக்டோபரில் 'டச்' போட்டார்கள். நான் எல்பி இசைத்தட்டே வாங்கினேன். தட்டின் விலையைக் கூரியரும் கஸ்டம்ஸும் சேர்ந்து விழுங்கிவிட்டன, அட்டையின் மூலை வேறு நசுங்கி வந்தது. அடுத்த முறை இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்தால் ஆளுக்குச் செலவு குறையும். யாராவது இருக்கிறீர்களா?

* * *

நான் இருக்கிறேன், மதுரை. எனக்கு 'எண்ட்லெஸ்னெஸ்' ஒன்று, செவிலியர் அக்கா சொன்ன '12' ஒன்று. கஸ்டம்ஸ் எவ்வளவு வந்தது என்று மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்.