இழை: நிலக்கரி அடுப்பை இரவுக்கு ‘பேங்க்’ செய்தல் – தமிழில் என்ன?

*இழை தொடங்கியவர் (கையேட்டு மொழிபெயர்ப்பு)*

அன்புள்ள குழுவினருக்கு,

வார இறுதியில் மட்டும் தங்கும் மரக்குடிலுக்கு நிலக்கரி அடுப்பைத் தேர்வது பற்றிய கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் நிற்கிறது. படுக்கும் முன் கரியை நிறைத்து, கீழ்க்காற்றைக் குறைத்து, விடியும்வரை நெருப்பு அவியாமல் வைப்பதை ‘பேங்க்’ செய்வது என்கிறார்கள். கையேடு சொல்லும் முதல் சோதனையே இதுதான்: நடு இரவில் எழுந்து கரி போடாமல் எட்டு மணி நேரமாவது தாங்க வேண்டும். ‘நீறுபூத்தல்’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

*அடுப்பு பொருத்துநர்*

பொருந்தாது. அழகான சொல், ஆனால் கையைத் தவறான வேலைக்கு ஏவும். நீறு பூத்த நெருப்பு என்றால் மேலே சாம்பல் மூடியது. விறகு சாம்பல் மெத்தையில் கிடந்தே எரியும். கரிக்குக் காற்று அடியிலிருந்து, கம்பித்தட்டு வழியாக, கரிப்படுகைக்குள் ஏற வேண்டும். சாம்பல் சேர்ந்தால் அந்த வழி அடைபடும், நெருப்பு சாகும். சாம்பல் தட்டை நிரம்பவிட்டால் இன்னொரு கேடு: கம்பித்தட்டைக் குளிர்விப்பதே கீழிருந்து வரும் காற்றுதான். அது நின்றால் வார்ப்பிரும்பு வளைந்துவிடும்.

வேலையின் வரிசை இது. முதலில் கீழ்க்காற்றைத் திறந்து நெருப்பை நன்றாக ஏற்ற வேண்டும். பிறகு கம்பித்தட்டை ஆட்டிச் சாம்பலை உதிர்க்க வேண்டும். சாம்பல் தட்டில் சிவந்த துணுக்குகள் விழத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். மேலும் ஆட்டினால் நெருப்பே கீழே போய்விடும். சாம்பலைக் கொட்டிவிட்டு, புதுக் கரியைப் பின்புறம் உயர்த்தி முன்புறம் சரிவாகக் குவிக்க வேண்டும். முன்னால் ஒரு திட்டு செந்நெருப்பு திறந்தே இருக்கட்டும். எல்லாவற்றையும் மூடிவிட்டால் கரியிலிருந்து எழும் வாயு தேங்கி நின்று ஒரே நேரத்தில் பற்றும். கதவு அதிரும், புகை அறைக்குள் வரும். நீலச் சுடர் குவியல் மேல் ஓடத் தொடங்கிய பிறகுதான் காற்றைக் குறைக்க வேண்டும்.

*தனித்தமிழ் அன்பர்*

பொருத்துநர் ஐயாவே விடை தந்துவிட்டார். ‘பேங்க்’ என்பது இங்கே கரை, மேடு. சரிவாகக் குவிப்பதால் வந்த பெயர். நமக்கு ‘அணை’ இருக்கிறதே! ‘அணைகட்டல்’ என்போம்.

*அறிவியல் ஆசிரியை*

ஐயா, ‘இரவில் நெருப்பை அணைகட்டவும்’ என்று படிப்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்? ‘நெருப்பை அணை’ என்பதைத்தான். சூடேறிய வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். தூய்மை வேண்டும்தான், ஆனால் செய்யச் சொல்வதற்கு நேர் எதிர்ப்பொருளைத் தரும் சொல்லைக் கையேட்டில் வைக்கக் கூடாது. எளிய சொல் ஒன்று: ‘மூட்டம் போடுதல்’.

*அடுப்பு பொருத்துநர்*

மூட்டம், காற்றை அடைத்து விறகைக் கரியாக்குவது. இங்கே கரியை எரிக்கிறோம். மேலும் ‘தீ மூட்டு’ என்பதோடு குழம்பும்.

*வேர்ச்சொல் ஆர்வலர்*

நண்பர்களே, ‘கங்கு’ இருக்க ஏன் அலைகிறோம்? கங்கு என்றால் தணல். கங்கு என்றால் வரம்பும்தான். ‘கங்குகரை இல்லாத’ என்று இன்றும் சொல்கிறோம். ஆங்கிலச் சொல்லின் கரை என்ற பொருளும், நெருப்பு என்ற பொருளும் ஒரே சொல்லில் அமர்ந்திருக்கின்றன! கங்குல் என்றால் இரவு. இரவில் காக்கப்படும் கங்கு, கங்குல். ‘கங்குகட்டல்’ என்பதே என் பரிந்துரை.

இன்னொன்று. ‘அடுப்பு’ என்பதே இங்கே பிழை. அடுதல் சமைத்தல். இது அறையைச் சூடாக்கும் கருவி. நெடுநல்வாடையில் குளிருக்கு மூட்டிய ‘பகுவாய்த் தடவு’ இருக்கிறது. கையேடு முழுவதும் ‘நிலக்கரித் தடவு’ என்று மாற்ற வேண்டும்.

*அறிவியல் ஆசிரியை*

தணல், வரம்பு, இரவு மூன்றையும் ஒரே வேரில் கட்ட ஒலி ஒப்புமை மட்டும் போதாது. ‘தடவு’ என்றால் இன்று கையால் தேய்ப்பது. சூடாக்கும் அடுப்புக்குக் ‘கணப்பு’ எல்லோருக்கும் புரியும், அதையே வைக்கலாம்.

*இழை தொடங்கியவர்*

அடுப்பா கணப்பா என்பதை அருள்கூர்ந்து வேறு இழையில் பேசுவோம். எனக்கு வெள்ளி வரைதான் நேரம்.

*அடுப்பு பொருத்துநர்*

சொல்லைக் குவிப்பதிலிருந்து எடுப்பதே சிக்கல் என்று படுகிறது. கையேட்டில் மூன்று வகை அடுப்பு வரும். கையால் கரி இடுவதில்தான் குவிக்கும் வேலை உண்டு. மேலே கரித்தொட்டி உள்ளதில், எரிய எரியக் கரி தானே சரிந்து இறங்கும். இரவில் காற்றைக் குறைப்பது மட்டும்தான். மின்விசையால் கரி ஊட்டும் வகையில் அதுவும் தேவையில்லை, ஆனால் மின்சாரம் நம்பகமாக இல்லாத குடிலுக்கு அது ஏற்றதல்ல. ஆகவே கரை, அணை, மேடு எல்லாம் ஒரு வகைக்கே பொருந்தும். நோக்கத்தைச் சொல்லுங்கள்: தணலைக் காப்பது. ‘தணல்காப்பு’.

தேர்வுப் பகுதியில் இதையும் சேருங்கள். பெரிய அடுப்பாக வாங்கி எப்போதும் காற்றை ஒடுக்கியே எரித்தால் புகைபோக்கி சூடாகாது, புகையை மேலே இழுக்கும் இழுவை தளரும். வெளியே குளிர் குறைந்த இரவில் இழுவை மேலும் தளர்ந்து கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்பும். நிறமோ மணமோ இல்லாதது. எச்சரிக்கைக் கருவி கட்டாயம். புகைக்குழாயின் அடைப்பிதழை முழுவதும் மூடவே கூடாது. ஒரே இரவு தங்குபவருக்குக் கரி தேவையா என்றும் கேட்கச் சொல்லுங்கள்: ஆந்த்ரசைட் எனும் கடின நிலக்கரி மெல்லத்தான் பற்றும், முதலில் விறகுத் தணல் சேர்த்து அதன்மேல் சிறிது சிறிதாக இட வேண்டும். அவர்களுக்கு விறகும் கரியும் எரிக்கும் அடுப்பே நல்லது. விறகுக்கு மட்டுமான அடுப்பில் கரி போடக் கூடாது, பெரும்பாலும் கம்பித்தட்டே இருக்காது. கிளம்பும்போது சாம்பலை அப்படியே விட்டுப் போவதும் தவறு. அதிலுள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, ஆளில்லாத நாட்களில் இரும்பையும் குழாயையும் அரிக்கும்.

*தனித்தமிழ் அன்பர்*

தணல்காப்பில் எனக்குத் தடையில்லை. அணையை விட மனமில்லை என்றாலும், உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் பிடிவாதம் கூடாது.

*அறிவியல் ஆசிரியை*

ஏற்கிறேன். வினையாக ‘தணல் காத்தல்’ என்றே வரட்டும்.

*இழை தொடங்கியவர்*

நன்றி. ‘தணல்காப்பு’ என்றே போடுகிறேன். முதல் இடத்தில் ‘பேங்க் செய்தல்’ என்பதையும் அருகில் தருவேன். பொருத்துநர் ஐயாவின் வரிசை அப்படியே தனிக் கட்டமாக வரும்.

*வேர்ச்சொல் ஆர்வலர்*

பெரும்பான்மைக்கு மதிப்பளிக்கிறேன், உடன்படவில்லை. ‘காப்பு’ என்றதும் படிப்பவர் குழந்தைகள் சுடுபடாமல் அடுப்பின் முன் நிறுத்தும் கம்பித் தடுப்பை நினைப்பார். அதே கையேட்டின் பாதுகாப்புப் பகுதியில் அதற்கு ‘தீக்காப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டில் ஒன்று மாற வேண்டும். கங்குகட்டலில் இந்தக் குழப்பம் இல்லை.

*இழை தொடங்கியவர்*

உண்மைதான் ஐயா. அந்தக் கம்பித் தடுப்பை ‘தடுப்புச் சட்டம்’ என்று இன்றே மாற்றுகிறேன். தணல்காப்பு இந்தப் பதிப்பில் நிற்கட்டும்.