எண் இறங்கியதும் மாத்திரையை நிறுத்தினேன்

என் தந்தைக்கு 48 வயதில் மாரடைப்பு வந்தது. எனக்கு 45 வயதில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் டெசிலிட்டருக்கு 168 மில்லிகிராம் என்று தெரியவந்ததும், மருத்துவர் தயங்காமல் அதைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் அது 91 ஆக இறங்கியது. இயல்பை மீறிய எண்களைத் தடித்த எழுத்தில் காட்டும் அறிக்கையில் அப்படி ஒரு வரியும் இல்லாததைப் பார்த்து, காய்ச்சல் விட்டதும் மருந்தை விடுவதைப் போல நானாகவே மாத்திரையை நிறுத்திவிட்டேன். உடம்பில் எந்த மாற்றமும் தெரியாததால், செய்தது சரி என்றே நம்பினேன்.

மறு ஆண்டு அந்த எண் 163. கல்லீரலில் கொழுப்பு தயாராவதைக் குறைத்து, இரத்தத்தில் உள்ள எல்டிஎல்லைக் கல்லீரலே கூடுதலாக இழுத்துக்கொள்ளும்படி செய்வதுதான் இம்மருந்தின் வேலை என்பதும், நிறுத்தினால் சில வாரங்களிலேயே பழைய நிலை திரும்பிவிடும் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கின. கழுத்துத் தமனியை ஸ்கேன் செய்தபோது, திரையில் சீராக ஓடிய உட்சுவர்க் கோடு ஓரிடத்தில் மட்டும் சிறு மேடாகத் தடித்திருந்தது. அடைப்பு மிகக் குறைவுதானே என்று கேட்டேன். மருத்துவர் அறிக்கையின் பின்பக்கத்தில் ஒரு குழாயை வரைந்து, பல மாரடைப்புகள் குழாயைப் பாதிகூட அடைக்காத கொழுப்புப் படிவின் மெல்லிய மேல்மூடி கிழிந்து, அங்கே இரத்தம் உறைவதால்தான் வருகின்றன என்று விளக்கினார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

*

மேலே ஒருவர் எழுதிய அனுபவத்தைப் படித்ததும் என் பிழை நினைவுக்கு வந்தது. ஓடுபொறியில் நடக்கவைத்து இதயத்தைச் சோதிக்கும் டிரெட்மில் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை என்றதும், அதையே நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டு மூன்று ஆண்டுகள் புகைபிடித்துக்கொண்டிருந்தேன். இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்குக் குறுகிய குழாயைத்தான் அந்தப் பரிசோதனை பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். மேலே சொன்னது போன்ற சிறு படிவு அதற்குத் தப்பிவிடும். புகையை விட்டபின், இரத்த அழுத்தத்தை வீட்டிலேயே அளக்கக் கற்றுக்கொண்டேன். ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சின் உயரத்தில் வைத்து, காலையும் மாலையும் இருமுறை அளந்து ஒரு வாரம் குறித்தேன். மருத்துவமனைப் பதற்றத்தால் ஏறுகிறது என்று நான் சொல்லிவந்த 150, வீட்டிலும் 146 ஆகத்தான் இருந்தது.

*

முதலில் எழுதியவரைப் போல ஸ்டேட்டின் மாத்திரையை நானும் நிறுத்தப் பார்த்தேன். காரணம் தொடைத் தசை வலி. நிறுத்துமுன் மருத்துவரிடம் சொன்னதால் தைராய்டு பரிசோதனை நடந்தது. சுரப்பு குறைவாக இருந்தது. அந்தக் குறை கொழுப்பையும் ஏற்றும், ஸ்டேட்டினால் தசை வலி வரும் வாய்ப்பையும் கூட்டும் என்றார். தைராய்டு சீரான பின் அதே ஸ்டேட்டினைக் குறைந்த அளவில் மீண்டும் தொடங்கினோம், வலி திரும்பவில்லை.