‘ஆதன்’ என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கலாமா?

தோட்டத்துக்காரன் (சுங்கை சிப்புட், மலேசியா): ஆதாம் ஏவாள் கதையிலிருந்து வந்த பெயர் ஆதன், அதை வைக்காதீர்கள் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கீழடிப் பானை ஓட்டில் பழைய தமிழி எழுத்தில் ‘ஆதன்’ என்று கீறியிருக்கிறது. கரூர்ப் பக்கம் புகழூர்க் கல்வெட்டில் கோ ஆதன் செல்லிரும்பொறை என்று சேர அரசன் பெயரே இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கபிலர் பாடிய சேரன் செல்வக் கடுங்கோ வாழியாதன். இன்னும் என்ன வேண்டும்?

லாடாங் மணி: எழுதியது நான்தான். ஆதாமை விடுங்கள். அகராதியில் ஆதன் என்றால் அறிவிலி, குருடன் என்று போட்டிருக்கிறது. பெற்ற பிள்ளையை அப்படியா கூப்பிடுவது?

தோட்டத்துக்காரன்: அது பிற்காலத்தில் ஒட்டிய பொருள். சேர அரசன் தன்னை அறிவிலி என்றா சொல்லிக்கொண்டான்? ஐங்குறுநூற்றின் முதல் பத்துப் பாட்டும் ‘வாழி ஆதன் வாழி அவினி’ என்றே தொடங்குகின்றன.

லாடாங் மணி: அகராதியில் இருக்கிறதா, இல்லையா?

ஈப்போ அக்கா: பொருள் கிடக்கட்டும் தம்பி. பிறப்புப் பத்திரத்தில் இங்கிலீஷ் எழுத்தில் எப்படி எழுதுவீர்கள்? என் தங்கை மகனைச் சிலர் ‘அத்தான்’ என்று வாசிக்கிறார்கள். மலாய்ப் பிள்ளைகளுக்கு அவன் ‘அத்தான்’கூட இல்லை, ‘ஆத்தான்’.

எண் ஜோதிடப் பிரியன்: ஒரு ‘ஏ’ கூடப் போடுங்கள். கூட்டு எண்ணும் நன்றாக வரும்.

தோட்டத்துக்காரன்: இப்படி எண் பார்த்துப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் பாதிப்பேருக்கு வாயில் நுழையாத பெயர். ஆதன் மூன்றே எழுத்து. தோட்டத்து வீட்டு வரிசையில், லயத்தின் இந்த முனையில் நின்று கூப்பிட்டால் அந்த முனைக்குக் கேட்கும். அப்புறம், ஆதன் தந்தை என்பது ஆந்தை ஆகும் என்று தொல்காப்பியத்தில் விதியே உண்டு. பிசிராந்தையார் பெயரில் இருப்பது அந்த ஆந்தைதான்.

லாடாங் மணி: மகன் அறிவிலி, அப்பா ஆந்தை. நல்ல குடும்பம்! அகராதிக்கு இன்னும் பதில் வரவில்லை.

தோட்டத்துக்காரன்: கோப்பெருஞ்சோழனுக்காக உயிர்விட்ட புலவரைக் கேலி செய்யாதீர்கள். போன வருடம் கோயில் திருவிழாக் கணக்கை நான் கேட்டதிலிருந்தே உங்களுக்கு என்மேல் காட்டம். என் பேரனுக்கு ஆதன்தான்.

லாடாங் மணி: கணக்கை ஏன் இழுக்கிறீர்கள்? அகராதியைத் திறங்கள்.

ஈப்போ அக்கா: அந்தக் கணக்கை எப்போது காட்டுவீர்கள் மணி? நானும் ஐம்பது வெள்ளி கொடுத்திருக்கிறேன்.