முதல் உள்மதிப்பீட்டுக்குப் பின் அனுப்பும் எச்சரிக்கை, மாணவருக்கு எப்படி உதவும்?

கேள்வி: கணித ஆசிரியை, பாளையங்கோட்டை

கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஷிப்டில் முதலாண்டு மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். காலையில் கடைகளில் வேலை பார்த்துவிட்டு மதியம் வகுப்புக்கு வருகிறவர்கள் இவர்களில் பலர். பருவத்தின் இடையில் கல்லூரியே நடத்தும் முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் 17 பேர் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றுள்ளனர். அவர்களுடைய பெற்றோருக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும்படி துறையில் சொல்கிறார்கள். சென்ற ஆண்டு அவ்வாறு அனுப்பியபோது, ஒரு மாணவியின் வீட்டில் "படித்தது போதும்" என்று சொல்லி அவளை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டவள் நான் என்பதால், இம்முறை என் கை தயங்குகிறது. எச்சரிக்கையே வேண்டாமா, அல்லது வேறு வழியில் செய்ய வேண்டுமா?

பதில்: ஓய்வுபெற்ற பேராசிரியர், அம்பாசமுத்திரம்

அம்மா, எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். ஆனால் அது முதலில் மாணவருக்கே போய்ச் சேர வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் பருவத்தின் நடுவிலேயே இத்தகைய அறிவிப்பைத் தருகிறார்கள். பருவம் முடியுமுன் திருத்திக்கொள்ள நாள் இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இரண்டாம் உள்மதிப்பீடு முடிந்த பிறகு சொன்னால் அது வெறும் செய்தியாகவே நின்றுவிடும்.

விடைத்தாளை எதிரில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடமாவது தனியாகப் பேசுங்கள். உள்மதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 என்று மதிப்பெண்கள் பிரிந்திருக்கும் முறையில், மொத்தம் 40 பெற்றால் தேர்ச்சி என்றால், உள்மதிப்பீட்டில் 8 மட்டுமே பெற்ற மாணவர் பருவத் தேர்வில் 32 எடுத்தாக வேண்டும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினால், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை நிமிர்ந்து உட்காருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வகுப்புக்கே வராதவர், தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலக் கலைச்சொற்களில் தடுமாறுகிறவர், பிளஸ் டூவில் தொகையிடலை (integration) மனப்பாடமாக மட்டும் கடந்து வந்தவர் ஆகிய மூவருக்கும் ஒரே கடிதம் எப்படிப் பொருந்தும்? மூன்றாமவருக்குத் தேவைப்படுவது பழைய பாடத்தைத் திரும்பச் சொல்லித்தர ஒருவர். அதற்கு மூன்றாமாண்டு மாணவர்களையே கேட்கலாம்.

பதில்: முன்னாள் மாணவி, முக்கூடல்

நானும் ஒரு காலத்தில் இப்படிக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களின் பட்டியலில் இருந்தவள். அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். முதலாண்டில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களின் பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அதன்பின் அந்தப் பாடவேளைக்குப் போகவே கூசியது. போகாததால் வருகைப் பதிவும் 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியது. பிறகு ஒரு ஆசிரியை அழைத்து, "எந்த இடத்திலிருந்து புரியாமல் போயிற்று?" என்று மட்டும் கேட்டார். அன்றுவரை அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இரண்டு அரியர் வைத்தாலும், மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் இரண்டையும் எழுதித் தேறிவிட்டேன்.

பதில்: துறைத்தலைவர், தென்காசி

பெற்றோருக்குச் சொல்லாமலே விட்டுவிடுவது சரியாகாது என்பது என் கருத்து. வருகைப் பதிவு குறைந்து தேர்வெழுத முடியாமல் போகும் நாளில், "முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவர்கள் கேட்பது நியாயந்தான். ஆனால் மாணவரிடம் பேசிய பின்னர், அவருக்குத் தெரிந்தே சொல்லுங்கள். கடிதத்தைப் படிக்க இயலாத வீடுகளும் இருப்பதால் தொலைபேசியில் பேசுவதே மேல். மதிப்பெண்ணைச் சொல்லும் அதே மூச்சில், கல்லூரி என்ன உதவி செய்யப்போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கடிதத்தை இரண்டு வாரம் தள்ளிவைக்கத் துறையில் அனுமதி கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை முதல், வகுப்பு தொடங்குமுன் நாளொன்றுக்கு மூவராக, விடைத்தாளுடன் அழைத்துப் பேசப்போகிறேன். நின்றுபோன அந்த மாணவியின் வீட்டுக்கும் இந்த வாரமே நேரில் போய்வர இருக்கிறேன்.